சுகந்தி உன் இடப்பக்கம் உட்காரும் முன்

கண்ணு,

இன்று காலையிலும் அடுப்படியிலிருந்து உன்னைக் கூப்பிட்டேன். நீ வாசற்படியில் முதுகைக் காட்டி உட்கார்ந்து ஷூவுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தாய். திரும்பவே இல்லை. கரண்டியோடு வந்து உன் வலது தோளருகே நின்று அதே குரலில், "காபி ஆறுது" என்றேன். உடனே திரும்பி, "வாரேம்மா, அதுக்கேன் பக்கத்துல வந்து நிக்கறே" என்று சிரித்தாய். அந்தச் சிரிப்பை நம்பித்தான் இத்தனை நாள் சும்மா இருந்தேன். இனிமேல் முடியாது. நேரில் சொல்ல வந்தால் நீ சிரித்தே பேச்சை மாற்றிவிடுவாய், நானும் உன்னோடு சேர்ந்து சிரித்துத் தொலைப்பேன். காகிதத்துக்கு இடது காது வலது காது கிடையாது. அதனால் எழுதுகிறேன்.

கல்யாணத்துக்கு முன்னால் அம்மா எழுதுகிற கடிதம் என்றதும், பெண்டாட்டியை அதட்டாதே, மாமனார் வீட்டில் மரியாதையாக இரு என்று பெரிய உபதேசம் வரப்போகிறது என்று நினைப்பாய். அதெல்லாம் உனக்குத் தேவையில்லை. யார் மனசும் நோகப் பேசத் தெரியாதவன் நீ. உண்மையைச் சொன்னால், இப்போது எனக்கு இருக்கிற பயத்துக்கு அந்தக் குணமும் ஒரு காரணம். நான் எழுத உட்கார்ந்தது உன் காதைப் பற்றியும், நீ வாங்கத் துடிக்கிற அந்த வயர்லெஸ் மெஷினைப் பற்றியும், சுகந்தி உன்னிடம் கேட்ட ஒரு கேள்வியைப் பற்றியும்தான்.

மெஷினிலிருந்தே ஆரம்பிக்கிறேன். போன மாதம் நீ இரண்டு விளம்பரத் தாள்களைச் சாப்பாட்டு மேசைமேல் விரித்துவைத்து எனக்கு விளக்கினாய். மேடையில் டிரம்ஸும் கீபோர்டும் போடுகிற சத்தத்தில் பாடுகிறவனுக்கு அவன் குரல் அவனுக்கே கேட்காது, காலடியில் வைக்கிற ஸ்பீக்கரைக் கூட்டினால் மைக் வீல் என்று கத்தும், இந்த மெஷின் இருந்தால் இடுப்பில் சின்னப் பெட்டி, அதிலிருந்து காதுக்குள் ஒரு குமிழ், பாடுவது காற்றிலேயே வந்து நேரே காதில் விழும் என்றாய். வெளிநாட்டில் பெரிய பாடகர்கள் எல்லாம் இதைத்தான் போடுகிறார்களாம். சித்திரையில் சிங்கப்பூரிலிருந்து வரும் உன் சிநேகிதன் ஒன்று வாங்கிவருவான், நம்மால் முடிகிற விலையில் இரண்டு வகை இருக்கிறது, எதை வாங்கலாம் என்று யோசிக்கிறேன் என்றாய். நானும் ஆர்வமாகத்தான் கேட்டேன். என் பிள்ளை பாட்டைப் பற்றிப் பேசும்போது எனக்கு எப்போதும் பெருமைதான்.

மறுநாள் நீ அந்தச் சிநேகிதனோடு போனில் பேசினாய். எது தெளிவாகக் கேட்கும் என்று நீ கேட்கவில்லை. எது உழைக்கும் என்றும் கேட்கவில்லை. "ரெண்டுல எதுல சத்தம் ஜாஸ்தி வரும்? அத மட்டும் கேட்டுச் சொல்றா" என்றாய். கூடத்தில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த எனக்குக் கை நின்றுபோனது.

அதற்கு முன்பே எனக்குச் சந்தேகம் உண்டு. மாசி மாதம் போத்தனூரில் ஒரு ரிசப்ஷன் கச்சேரிக்கு, பெங்களூர்க் குழு ஒன்றிடம் இரவல் வாங்கின மெஷினைப் போட்டுக்கொண்டு போனாயே, அதிலிருந்து ஆரம்பித்தது. அது மட்டமான மெஷின். பக்கத்தில் ரயில்வே ஜங்ஷன். மெதுவான பாட்டு ஒன்றின் நடுவில், ரயில் பெட்டிகளைத் தள்ளிச் சேர்த்து ஷண்டிங் பண்ணுகிறவர்கள் வாக்கி டாக்கியில் பேசியது உன் காதுக்குள் வந்து விழுந்திருக்கிறது. "வா, வா, இன்னும் வா, நிறுத்து!" என்று யாரோ அதட்ட, நீயும் பாட்டை நிறுத்திப்போட்டாய். மாப்பிள்ளையும் பெண்ணும் மிரண்டுபோய்ப் பார்த்தார்களாம். இதை நீ வீட்டில் நடித்துக் காட்டியபோது எனக்குச் சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது. உன்னோடு வந்திருந்த சவுண்ட் ரவி மட்டும் சிரிக்கவில்லை. உங்கள் குழுவுக்கு மிக்ஸர் பார்க்கிறவன், எதற்கும் முதலில் சிரிக்கிறவன். அவன் கிளம்பும்போது கேட் வரை போய், என்ன விஷயம் என்று கேட்டேன்.

"அக்கா, தம்பிகிட்ட நாஞ் சொன்னேன்னு சொல்லீராதீங்க. அந்த மெஷின எங் காதுல வெச்சுப் பார்த்தேனுங்க. ஒரு நொடி தாங்கல, புடுங்கி வீசிப்போட்டேன். அந்தச் சத்தத்தத்தான் தம்பி கச்சேரி முழுக்கக் கேட்டுட்டு, இன்னும் ஏத்து, இன்னும் ஏத்துன்னு கை காட்டுதுங்க. அதுவும் எடது காதுல மட்டும். வலது காதுல மாட்டவே மாட்டேங்குது."

நீ மேடையில் எப்போதும் டிரம்ஸுக்கு வலப்புறம்தான் நிற்பாய். காலேஜ் நாளிலிருந்து அதே இடம். உன் இடது காதுக்குப் பக்கத்தில்தான் அந்தத் தட்டுகள் ஜல்ஜல் என்று மோதிக்கொண்டிருக்கும். நானும் முன்வரிசையில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். உன் குரலை மட்டும் கேட்டுவிட்டு எழுந்து வந்திருக்கிறேன்.

உனக்கு ஒன்று சொல்லட்டுமா? காது போவது எப்படிப் போகும் என்று இந்த ஊரில் டாக்டருக்கு அடுத்தபடி தெரிந்தவள் நான்தான். உன் அப்பாவோடு குடும்பம் நடத்துகிறவளாயிற்றே. நூற்பு மில்லில் அத்தனை மெஷின்களுக்கு நடுவில் ஷிப்டு ஷிப்டாக நின்றவர். காதில் பஞ்சை அடைத்துக்கொண்டால் மேஸ்திரி கூப்பிடுவது கேட்காது என்று அதையும் எடுத்துவிடுவார். முதலில் பெரிய சத்தமெல்லாம் நன்றாகத்தான் கேட்டது. சின்னதாக, கீச்சென்று வருகிற சத்தங்கள்தான் முதலில் போயின. பால்காரரின் சைக்கிள் மணி கேட்கவில்லை. குக்கர் விசில் கேட்கவில்லை. பிறகு பேச்சில் பாதி கேட்டது, மீதியை முகத்தைப் பார்த்துச் சமாளித்தார். இப்போது அவர் டி.வி. வைக்கிற சத்தத்தில் பக்கத்து வீட்டார் தனியாக டி.வி. வாங்க வேண்டிய அவசியமே இல்லை. உன் இடுப்பில் கம்பெனி கொடுத்த பேஜர் இருக்கிறதே, அது கீச்சிடுவது எனக்கு அடுப்படிவரை கேட்கிறது. உனக்குக் கேட்பதில்லை. "வைப்ரேஷன்ல வெச்சிருக்கேம்மா" என்கிறாய். வைப்ரேஷனில் வைத்த பேஜர் எனக்கு எப்படிக் கேட்கும் கண்ணு?

உன் அப்பா ஏன் மில்லை விட்டு நின்றார் என்று உனக்குத் தெரிந்த கதை ஒன்று. ஆட்குறைப்பு செய்தார்கள், அப்பா பேரும் வந்துவிட்டது என்று உன்னிடம் சொல்லி வைத்தோம். நடந்தது வேறு. ஒருநாள் மெஷின்கள் ஓடிக்கொண்டிருக்கும்போதே மேனேஜர் டிபார்ட்மெண்டுக்குள் வந்து ஒவ்வொருவரிடமும் ஏதோ கேட்டுக்கொண்டு வந்திருக்கிறார். இவரிடமும் கேட்டார். ஆயுத பூஜை நெருங்குகிற சமயம், பூஜைக்குப் பேர் சேர்க்கிறார்கள் என்று இவராக நினைத்துக்கொண்டார். பெரிய மனுஷரிடம் போய், கேட்கவில்லை, இன்னொரு தடவை சொல்லுங்கள் என்று எப்படிச் சொல்வது? "சரிங்க சார், சேர்த்துக்குங்க" என்று கும்பிட்டிருக்கிறார். தானாக விருப்பப்பட்டு வேலையை விடுகிறவர்கள் யார் யார் என்றுதான் அவர் கேட்டிருந்தார்.

மறுநாள் விஷயம் தெரிந்ததும் நான் அழுதேன், திட்டினேன். "போய்ச் சொல்லுங்க, காதுல உழுகலீங்கன்னு சொல்லுங்க" என்று கெஞ்சினேன். "சரிங்கன்னு சொல்லிப்போட்டு, இப்பப் போயி நான் செவிடுங்கன்னு சொல்லச் சொல்றியா புள்ள?" என்றார். போகவில்லை. அந்த ஒரு வார்த்தையைச் சொல்ல வெட்கப்பட்டு வேலையையே விட்டார். நம் ஊர்ப் பேச்சில் இருக்கிற மரியாதையை வெளியூர்க்காரர்கள் மெச்சிப் பேசும்போதெல்லாம் எனக்கு அந்த "சரிங்க சார்"தான் ஞாபகம் வருகிறது. கேட்காததற்கும் சரி சொல்லிவிடுகிற மரியாதை யாருக்கு வேண்டும்?

இனிதான் எனக்கு எழுதக் கஷ்டமாக இருக்கிறது. சுகந்தி வீட்டார் உன்னை முதன்முதலில் பார்த்தது திருப்பூர் ரிசப்ஷனில், நீ மேடையில் பாடிக்கொண்டிருந்தபோது. அன்றும் அந்த இரவல் மெஷின் உன் காதில் இருந்தது. அடுத்த வாரம் நம் வீட்டுக்கு வந்த அவள் அம்மா, காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"தப்பா நெனச்சுக்காதீங்க. தம்பியோட அப்பாவுக்குக் காது கொஞ்சம் மந்தம்னு சொன்னாங்க. தம்பியும் காதுல மெஷின் மாட்டியிருந்தாப்பல தெரிஞ்சுதுங்க. அதான் கேட்டர்லாம்னு."

நான் வாய்விட்டுச் சிரித்தேன். "ஐயோ, அது செவிட்டு மெஷினு இல்லீங்க! பாடறவங்க போடறது. வெளிநாட்டுல எல்லாம் இப்ப அதுதானுங்க" என்றேன். அவரும் சிரித்தார். "நமக்கு என்னங்க தெரியுது" என்று தன் அறியாமைக்கு வெட்கப்பட்டுக்கொண்டு, பூ வைக்க நாள் பார்க்கச் சொல்லிவிட்டுப் போனார். நான் சொன்னதில் ஒரு சொல்லும் பொய் இல்லை. ஆனால் அவர் கேட்ட கேள்விக்கு அது பதிலும் இல்லை. ரவி கேட் பக்கத்தில் நின்று சொன்னதை நெஞ்சுக்குள் வைத்துக்கொண்டுதான் அப்படிச் சிரித்தேன்.

வெள்ளகோவிலில் நிச்சயம் நடந்த அன்று, தட்டு மாற்றி முடிந்ததும் போட்டோகிராபர் உங்கள் இருவரையும் வாசலில் தென்னை மரத்தடியில் நிற்கவைத்தார். சுகந்தியை உன் இடப்பக்கம் நிறுத்தினார். பந்தலில் கட்டிய குழாய் ஸ்பீக்கரில் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. அவர் பிலிம் மாற்றப் போன நேரத்தில் அந்தப் பெண் தலையைக் குனிந்துகொண்டே உன்னிடம் பேசினாள். வகுப்பில் அத்தனை பிள்ளைகளை எப்படித்தான் மேய்க்கிறாளோ, அவ்வளவு மெல்லிய குரல். நான் உங்களுக்குப் பின்னால் அவள் சேலை மடிப்பைச் சரிசெய்ய நின்றிருந்தேன். எனக்கு முழுதாகக் கேட்டது.

"கல்யாணத்துக்கு அப்பறம் நான் டீச்சர் வேலைய உட்டுரோணுமுங்களா?"

நீ அவள் பக்கம் திரும்பி, அழகாகச் சிரித்து, "ஆமாங்க, சரிங்க" என்றாய்.

நீ என்ன கேட்டதாக நினைத்துக்கொண்டு அப்படிச் சொன்னாயோ தெரியாது. வெயில் அதிகமாக இருக்கிறது என்றோ, நல்ல கூட்டம் என்றோ அவள் சொன்னதாக நினைத்திருக்கலாம். அவள் முகத்தை நீ பார்க்கவில்லை, போட்டோகிராபர் கூப்பிட்டதும் முன்னால் திரும்பிவிட்டாய். நான் பார்த்தேன். அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். பிறகு போட்டோவுக்காகச் சிரித்தாள். அப்போதே நான் குறுக்கே புகுந்து, "அவனுக்குக் கேக்கல அம்மணி, திருப்பிக் கேளு" என்று சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. பக்கத்திலேயே அவள் அம்மா சந்தனக் கிண்ணத்தோடு நின்றார். சேலை மடிப்பைத்தான் சரிசெய்தேன்.

நேற்று நீ ஆபீசுக்குப் போன பிறகு சுகந்தியின் அம்மா போன் செய்தார். குரலில் கோபமில்லை, அதுதான் எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. "மாப்பிளைக்குப் பிரியமில்லைங்களாமே. முழுப் பரீட்சை முடிஞ்சதீம் வேலைய எழுதிக் குடுத்தர்றேன்னுட்டா. எங்ககிட்ட ஒண்ணுஞ் சொல்லலீங்க. ஆனா ராவெல்லாம் பொரண்டு பொரண்டு படுக்கறா. அவ அந்த வேலைக்காக எத்தன பாடுபட்டான்னு நமக்குத்தானுங்க தெரியும்" என்றார். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "பேசிக்கலாமுங்க" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். போனை வைத்துவிட்டு உட்கார்ந்தவள் சமைக்கவே எழவில்லை. உன் அப்பா வந்து பசி என்று வயிற்றைத் தொட்டுக் காட்டியபோதுதான் எழுந்தேன்.

பெண் பார்த்துவிட்டு வந்த அன்றே, "டீச்சர் வேலைய விடக்கூடாதும்மா, நம்ம பக்கத்துலயே ஒரு ஸ்கூல்ல கேட்டுப் பார்க்கலாம்" என்று சொன்னவன் நீ. உன் கம்பெனியில் எல்லோரிடமும் டீச்சரம்மா டீச்சரம்மா என்று சொல்லித் திரிகிறாயாம். அங்கே அவள், வேலைக்குப் போகக்கூடாது என்று முகத்துக்கு நேராகச் சிரித்துக்கொண்டே சொன்ன ஒருவனுக்குக் கழுத்தை நீட்டப்போகிறோம் என்று படுத்துக் கிடக்கிறாள். உனக்கு அவளைப் பிடித்திருக்கிறது, அவளுக்கு உன்னைப் பயமாக இருக்கிறது. இது என்ன கொடுமை கண்ணு?

மெஷின் வாங்காதே என்று நான் சொல்லமாட்டேன். உன்னைப் பாடாதே என்று சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் எதை வாங்கலாம் என்று யோசிக்கிறேன் என்றாயல்லவா, ரவியை நச்சரித்துத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன். சத்தம் அதிகம் வருவதைத் தேடாதே. ஒரு அளவுக்குமேல் சத்தம் போனால் தானாக அமுக்கிவிடுகிற ஏற்பாடு உள்ளே இருக்கிறதா என்று கேட்கச் சொல். நீ சொன்ன இரண்டில் மலிவான வகையில் அது இல்லையாம். மைக் கீழே விழுந்தாலோ யாராவது ஒயரைப் பிடுங்கினாலோ வருகிற இடியோசை அப்படியே காதில் இறங்குமாம். இன்னொன்றில் இருக்கிறதாம், அதுவும் உன்னால் முடிகிற விலைதான், கொஞ்சம் பொறுத்து வாங்கு. பக்கத்தில் எவன் வாக்கி டாக்கியில் பேசினாலும் விலகிப் போவதற்கு அலைவரிசை மாற்றிக்கொள்ள வசதி வேண்டும், போத்தனூரில் பட்டது போதும். காதுக்குள் வைக்கிற குமிழ் உன் காது அளவுக்கு அச்சு எடுத்துச் செய்ததாக இருந்தால் வெளிச்சத்தம் உள்ளே வராது, மெல்ல வைத்தாலே உன் குரல் கேட்கும். ஒற்றைக் காதில் மாட்டாதே, திறந்திருக்கிற காதோடு போட்டி போட்டுக்கொண்டு மாட்டின காதில் சத்தத்தைக் கூட்டிக்கொண்டே போவாய். இடத்தையும் மாற்று. டிரம்ஸ்காரர் கோபித்துக்கொள்ளட்டும், நீ தள்ளி நில்.

இதெல்லாம் மீதியிருக்கிற காதைக் காப்பாற்றிக்கொள்ள. போனதை மறைத்துக்கொள்ளத்தான் நீ மெஷின் தேடுகிறாய் என்றால், உலகத்திலேயே நல்ல மெஷினைக் கொண்டுவந்தாலும் நான் அதைத் தூக்கிக் கிணற்றில் போடுவேன். மேடையில் அது உன் குரலை உனக்குக் கேட்கவைக்கும். வீட்டில் சுகந்தி பேசுவதை எந்த மெஷின் கேட்கவைக்கும்? முதலில் காது டாக்டரிடம் போகலாம். நானும் வருகிறேன். அவர் என்ன சொன்னாலும் பக்கத்தில் இருப்பேன். எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது, இருந்தாலும் தெரியாமல் பயப்படுவதைவிடத் தெரிந்து பயப்படலாம்.

அதற்கும் முன்னால், ஞாயிற்றுக்கிழமை வெள்ளகோவில் போகிறோம். அவள் அம்மாவிடம் நான் அன்றைக்குச் சிரித்ததைப் பற்றி நானே சொல்லிக்கொள்கிறேன், அது என் பாடு. அவர்கள் மனசு மாறி, இந்தச் சம்பந்தம் வேண்டாம் என்றாலும் நாம் ஒரு வார்த்தை பேசக்கூடாது. அப்படி நடந்தால் நீ உடைந்துபோவாய் என்று தெரியும். நானும் உடைந்துபோவேன். ஆனாலும் சொல்லியே ஆகவேண்டும். வைகாசியில் மணவறையில் நீ தாலி கட்டி முடித்ததும் வலப்பக்கம் உட்கார்ந்திருக்கிறவளை எழுப்பி உன் இடப்பக்கம் மாற்றி உட்காரவைப்பார்கள். அதற்குப் பிறகு கோயிலில், விசேஷத்தில், போட்டோவில் எங்கேயும் அவள் இடம் அதுதான். தன் புருஷனின் எப்படிப்பட்ட பக்கத்தில் உட்காரப்போகிறோம் என்று தெரியாமல் அந்தப் பெண் உட்காரக்கூடாது.

அங்கே போனதும் அவளிடம் நீயே தனியாகப் பேசு. பேசும்போது அவளை உன் வலப்பக்கம் வரச்சொல். ஏன் என்று கேட்பாள், சொல். சொல்லிவிட்டு, தென்னை மரத்தடியில் கேட்டதைத் திருப்பிக் கேட்கச் சொல். அவள் குரல் மெல்லியது, வெட்கத்தில் இன்னும் மெலிந்துபோகும், வலது காதிலும் சரியாக விழாமல் போகலாம். விழாவிட்டால் சிரிக்காதே கண்ணு. சரிங்க என்று சொல்லாதே. "எனக்குக் கேக்கலீங்க, இன்னொருக்காச் சொல்லுங்க" என்று சொல்.